நாற்பத்திரண்டில் ஒரு சிவப்புக் கோடு

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், நான் எழுத்தாளர் இல்லை. லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். கிழக்கு லண்டனில் இருக்கிற பாதித் தமிழ்ப் பெண்டுகளின் கையளவும் இடுப்பளவும் எனக்கு மனப்பாடம். கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன் என்ற திமிரும் உண்டு.

அப்படிப்பட்ட என்னுடைய அளவு நாடா ஒன்பது வருசத்துக்கு முன் காணாமல் போனது. மகள் துளசி அப்போது ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஏதோ பள்ளிக்கூட வேலைக்கு எடுத்துத் தொலைத்துவிட்டாள் என்று நான் அவளைப் பேசாத பேச்சில்லை. அவள் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசினேன்.

அந்த நாடா இந்தப் பெப்ரவரியில் கிடைத்தது. என் கணவர் செத்து ஒரு வருசம் முடிகிறது, ஆட்டைத் திவசத்துக்கு வீடு கழுவ வேண்டும் என்று படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலுமாரியை ஒதுக்கினேன். அவருடைய தூண்டில் பை அங்கேதான் கிடந்தது. ஒரு வருசமாக நான் அதைத் தொடவில்லை. திறந்தால் உப்பும் சேறும் காய்ந்த மணம். உள்ளே ஈயக் குண்டுகள், நைலோன் நூல், ஒரு பழைய கைபேசி, சுருட்டி ரப்பர் போட்ட என் நாடா. நாற்பத்திரண்டாவது சென்ரிமீற்றரில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. என்னுடைய நகப்பூச்சும் அந்த நேரம்தான் காணாமல் போனது.

"கள்ள மனுசன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு அந்தப் படிக்கட்டிலேயே இருந்து அழுதேன்.

2

அவர் பஸ் ஓட்டினவர். டிப்போவில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருநாள் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போனார். அன்றோடு மனுசனுக்கு விசர் பிடித்தது. இரண்டு ஞாயிறுக்கு ஒருக்கால் விடியவே ரயிலேறி சவுத்எண்ட் பக்கக் கடற்கரைக்குப் போய்விடுவார். துளசியும் கூடப் போவாள். பின்னேரம் இரண்டு பேரும் குளிரில் மூக்குச் சிவந்து, வெறுங்கையோடு வருவார்கள்.

"எங்கை மீன்?" என்று கேட்பேன். மீன் வேண்டிக் கேட்பதில்லை, நக்கலுக்குத்தான்.

"அளவு காணாது. விட்டிட்டன்" என்பார். துளசி நேரே மேலே ஏறிப் போய்விடுவாள்.

அவர் பிடிக்கப் போவது சீ பாஸ். இங்கே தமிழ்க் கடையில் கேட்டால் "எங்கட கொடுவா மாதிரித்தான் அக்கா" என்று சொல்லி விற்பார்கள். கடலில் இருக்கிற சீ பாஸுக்கு இந்த நாட்டில் பெரிய சட்டம் இருக்கிறது. மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரை நாற்பத்திரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. அளவு கண்டாலும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கு. அந்தக் கணக்கு வருசத்துக்கு வருசம் மாறும். பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் திருப்பி விட்டுவிட வேண்டும், அது சினை விடுகிற காலம். மெல்ல வளர்கிற சாதி மீனாம். ஒரு தரமாவது சினை விட முன்னம் பிடித்துத் தின்றால் பிறகு கடலில் ஒன்றும் மிஞ்சாது என்று அவர் எனக்கு விளக்கம் சொன்னார். நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டு கேட்டேன்.

"அங்கை ஆர் நிண்டு பாக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. எப்பவாவது ஒரு ஒஃபிசர் வருவாராம். நான் காணேல்லை."

"பிறகென்ன?"

"மீன் பாக்குதெல்லோ" என்றார்.

இந்த மனுசனின் இளந்தாரிக் காலத்தில் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நாலு மைல் கட்டைதான். ஆனால் ஆமி விடாது, போக முடியாது. தடை. மீறிப் போனவன் திரும்பி வருவான் என்று தாய்க்காரி உலை வைக்கேலாது. கடலைக் காணாமலே இருபது வயது வந்தது என்று சொல்லுவார். ஒருநாள் நான், "தடைக்குப் பயந்து ஓடி வந்து, இஞ்சையும் தடையெண்டு கைகட்டி நிக்கிறியள்" என்று குத்திக் காட்டினேன். அவருக்குக் கோபம் வருவது குறைவு. அன்று வந்தது.

"அந்தத் தடை ஆரைக் காப்பாத்தப் போட்டவங்கள்? இது மீனைக் காப்பாத்தப் போட்டிருக்கிறாங்கள். துவக்கு நீட்டாமல் சொல்லுறதையும் கேக்காட்டி நான் என்ன மனுசன்?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

3

இனிச் சொல்லப் போவது எனக்கு வெட்கமான கதை. எழுதாமல் விட்டால் மற்றது விளங்காது.

ஊரில் எங்கள் பக்கத்தில் மீன் சைக்கிளில் படலைக்கு வரும். செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை குறைத்து வாங்குவோம், முள்ளையும் விடாமல் சப்புவோம். ஆனால் கடலில் இறங்கி அதைப் பிடிக்கிறவரை வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுக்க மாட்டோம். என் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அந்தச் சாதி அழுக்கை நான் பிளேனில் கூடவே கொண்டு வந்தேன்.

அவர் தூண்டில் போடத் தொடங்கின முதல் கிழமை, ஒரு மீனைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அன்று பார்த்து விம்பிள்டனில் இருந்து என் பெரியக்கா வந்து முன்னறையில் இருந்தா. நான் ஓடிப் போய் வாசலிலேயே மறித்தேன்.

"பிடிச்ச மீன் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அக்கா ஆக்கள் அறிஞ்சால் நான் எந்த மூஞ்சையோட கோயிலுக்குப் போறது? பிடிக்கிற ஆக்களாப் போனமோ நாங்கள்?"

அவர் சிரிப்பை எங்கே வைக்கிறதென்று தெரியாமல் நின்றார். பிறகு பக்கத்து வீட்டு பங்களாதேஷ் குடும்பத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, கை கழுவி, அக்காவோடு வந்திருந்து கதைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் மீன் கொண்டு வரவில்லை. அளவு காணாது என்றார். எனக்கு நிம்மதி.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பாதையின் ஒரு பக்கத்தில் நான், மறு பக்கத்தில் அக்கா. நடுவில் லண்டன் முழுக்கக் கிடக்கிறது. ஆனாலும் அவவின் கண் எட்டும். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் காணுகிற நேரமெல்லாம் கேட்பா, "ஞாயிறிலயும் உன்ர மனுசனைக் காணேல்லை?" என்று. "ஓவர்டைம் அக்கா" என்பேன். ஒருதரம் அவரை நேரில் கண்டுவிட்டு, "தம்பி, ஓவர்டைம் ஓவர்டைம் எண்டு உடம்பைக் கெடுக்காதையும்" என்று புத்தி சொன்னா. அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம் அக்கா. குறைக்கிறன்" என்றார்.

4

போன வருசம் பெப்ரவரியில், வேலைக்குப் போக சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சு. அம்புலன்ஸ் வந்தது, எல்லாம் செய்தார்கள், முடியவில்லை.

இந்த நாட்டில் சாவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். திடீர்ச் சாவென்றபடியால் விசாரணை, அந்தப் பேப்பர் வந்தால்தான் கவுன்சிலில் பதியலாம், பதிந்தால்தான் எரிக்க நாள் கிடைக்கும். பதிவுக் கந்தோரில் இருந்த பெண், "உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டு, உடனே "செய்தார்" என்று திருத்தினாள். நான் பதிலுக்கு "டிரைவிங்" என்று மட்டும் சொன்னேன். அவர் இன்னும் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

பிறகு செத்தவீட்டுக் கம்பெனி ஒரு படிவம் தந்தது. அஞ்சலி அட்டையில் அச்சடிக்க, அவருக்கு எதில் விருப்பம் என்று எழுத வேண்டுமாம். பக்கத்தில் அக்கா மூக்குக்கண்ணாடியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில் 'தோட்டம்' என்று எழுதினேன். ஒரு மிளகாய்க் கண்டைக் கூட அந்த மனுசன் உயிரோடு வைத்திருந்ததில்லை.

அச்சான அட்டையைத் துளசி வாங்கிப் பார்த்தாள். இரண்டு தரம் வாசித்தாள். அவள் இப்போது வடக்கு லண்டனில், எட்மண்டனில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலம்தான் வரும்.

"கார்டனிங்? ரியலி, அம்மா?" என்றாள்.

5

செத்துப் பதினேழாம் நாள்தான் எரித்தோம். எட்டுச் செலவை எந்த நாளில் இருந்து எண்ணுவதென்று ஆம்பிளைகள் தொலைபேசியில் சண்டை பிடித்து, கடைசியில் எரித்த நாளில் இருந்து என்று முடிவானது. ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்போம். மீன், இறைச்சி, சிலருக்குச் சாராயமும். பிறகு திவசம் திவசமாகச் சைவம்தான். அவருக்கு மச்சம் படைக்க எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்.

எனக்குள் ஒரே பிடிவாதம் வந்துவிட்டது. கடை மீன் வேண்டாம், அவர் தூண்டில் போட்ட கடலில் இருந்து, அவர் பிடிக்கிற மீன் வேண்டும். அட்டையில் எழுதின பொய்யை இலையிலாவது கழுவலாம் என்று நினைத்தேனாக்கும். அக்காவுக்குக் கடையில் வாங்கினதென்று சொல்லலாம் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. துளசியைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இது மார்ச்" என்றாள்.

"நீ வாறியோ, நான் தனியப் போகட்டோ?"

வந்தாள், தன்னுடைய தூண்டிலோடு. எட்டுக்கு முதல் நாள். எட்டு வருசம் அவர் போன கடற்கரையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கடல் என்று சொல்ல வாய் வராது, சாம்பல் நிறத்தில் சேறும் தண்ணியும். குளிர் எலும்புக்குள் போனது. இந்த இடத்துக்கு வரவா மனுசன் விடிய நாலு மணிக்கு விசிலடித்துக்கொண்டு எழும்பினது என்று அழுகை வந்தது.

மத்தியானம் கிட்ட நெருங்க, தடி வளைந்தது. துளசி மெல்ல மெல்ல இழுத்துக் கரையில் போட்டாள். வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒரு மீன். ஐம்பதுக்குக் குறையாது, அளவெடுக்கிறவள் கண்ணுக்குத் தெரியும். வயிறு உப்பியிருந்தது.

"பையுக்குள்ளை போடு" என்றேன்.

"ஏலாது அம்மா. பாருங்கோ வயித்தை. ஷீ இஸ் ஃபுல் ஒஃப் எக்ஸ்."

"ஆர் பாக்கிறது இஞ்சை?"

"அப்பா விட்டிருப்பார்."

"கொப்பருக்குத்தானேடி கேக்கிறன்!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "கார்டில கார்டனிங் எண்டு போட்டிட்டு, இப்ப ஃபிஷ் வேணுமோ?" என்றாள். கையை நனைத்து, மீனைத் தூக்கி, முழங்கால் தண்ணி மட்டும் இறங்கி, அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அதற்கு மூச்சு வந்ததும் கையை விரித்தாள். வால் ஒருதரம் அடித்தது, போய்விட்டது.

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "செத்த தேப்பனுக்கு ஒரு வாய் மீன் குடுக்க மனமில்லை. நீயெல்லாம் ஒரு பிள்ளையோ" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பிறகு மூடிக்கொண்டு, நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

எட்டுக்குக் கடையில் வளர்ப்பு மீன் வாங்கினேன். ஒரே அச்சில் வார்த்தது மாதிரி எல்லாம் ஒரே அளவு. குழம்பும் பொரியலும் வைத்துப் படைத்தோம். துளசி வந்தாள், கும்பிட்டாள், மீன் தொடாமல் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஒரு வருசம் எங்களுக்குள் தொலைபேசியில் 'ஓகே'யும் பெருவிரல் படமும்தான். கண்டால் சாப்பிட்டியோ என்று கேட்பேன், ஓம் என்பாள்.

6

திவசத்துக்கு முதல் நாள் அவள் காய்கறி வெட்ட வந்தபோது நாடாவை மேசையில் வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எடுத்தது நீ இல்லையெண்டு ஏன் சொல்லேல்லை?"

"அப்பா பாவம். உங்களட்டை அவர் வாங்குற பேச்சு காணாதோ?"

பையில் இருந்த பழைய கைபேசியையும் சார்ஜில் போட்டிருந்தேன். அது உயிர்த்ததும் இரண்டு பேருமாகப் படங்களைப் பார்த்தோம். ஈரக் கல்லில் மீன், பக்கத்தில் என் நாடா, ஓரத்தில் அவருடைய சப்பாத்து நுனி. தள்ளத் தள்ள அதே மாதிரிப் படம். நான் மீனைப் பார்க்கவில்லை, நாடாவைத்தான் பார்த்தேன். தொழில் அப்படி. வால் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்து நாலு. அடுத்தது ஐம்பத்தொன்று. கீழே இருந்த திகதியைப் பார்த்தேன். ஜூன், ஓகஸ்ட், ஒக்ரோபர். தடை இல்லாத மாதங்கள்.

எனக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள். "இதெல்லாம் எந்த வீட்டிலை காய்ச்சித் திண்டவர்?" என்று கேட்டேன்.

துளசி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வீட்டிலயும் இல்லை. எல்லாத்தையும் விட்டவர். நீங்கள்தானே வீட்டுக்குக் கொண்டு வரவேண்டாம் எண்டு சொன்னனீங்கள். 'அம்மாட்டை அளவு காணாது எண்டு சொல்லுவம், அவ தன்னாலை எண்டு யோசிக்க மாட்டா' எண்டு சொன்னார்."

"ஒண்டைக் கூடச் சாப்பிடேல்லையோ?"

"இல்லை. ஒருக்கா நான் கேட்டனான், பீச்சிலயே சுட்டுச் சாப்பிடுவம் எண்டு. 'அம்மா இல்லாமல் என்னெண்டு?' எண்டார்."

எட்டு வருச ஞாயிறுகள். வாசலில் நின்று எங்கை மீன் எங்கை மீன் என்று நான் சிரித்துக் கேட்க, என் வாய்க்குப் பயந்து, என் மானத்துக்குப் பயந்து, அளவான மீனையெல்லாம் தண்ணியில் விட்டுவிட்டு வந்த மனுசன். ஒரு துண்டு தின்று பார்க்காமலே போய்விட்டார். அவருக்கு விருப்பமான மீன் என்று நான் எட்டுக்குத் துடித்தேனே, அந்தக் கடல் மீனின் ருசி அவருக்குத் தெரியவே தெரியாது.

"அண்டைக்குக் கடற்கரையிலை இதைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"எப்பிடி அம்மா சொல்லுறது? நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்கள்."

ஒரு வருசத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் என் தோளில் கை வைத்தாள். அடுத்த நாள் சைவத்தில் திவசம் முடித்தோம்.

7

மார்ச் முடியும்வரை பொறுத்திருந்தேன். ஏப்ரலில் இரண்டாவது ஞாயிறு, துளசியும் நானும் விடிய ரயிலேறினோம். போகிற வழியில் அவளுக்குச் சொன்னேன், அளவான மீன் ஒன்று பட்டால் வீட்டுக்குக் கொண்டு போய்க் குழம்பு வைத்து அவருடைய படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறேன், அக்காவையும் கூப்பிடப் போகிறேன் என்று. அவள் சிரித்தாள்.

காலை முழுக்க ஒன்றுமில்லை. இரண்டு தரம் இரையை நண்டு தின்றது. மத்தியானம் தாண்டி ஒரு மீன் பட்டது. ஈரக் கல்லில் கிடத்தி, துளசி அசையாமல் பிடித்தாள். நாடாவை நான்தான் விரித்தேன். மூக்கைத் தொடக்கத்தில் வைத்து, வாலை ஒட்டிச் சேர்த்துப் பார்த்தேன். நாற்பத்தொன்று. நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் கோட்டைத் தொடும். தைக்கிறவளுக்கு அந்த வித்தை தெரியாதா? கரையில் ஒரு குருவி இல்லை. துளசி மீனைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தா இஞ்சை" என்று வாங்கினேன். சப்பாத்தோடு தண்ணிக்குள் இறங்கினேன். அவள் போன வருசம் செய்த மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கைக்குள் அது துடித்தது. கையை விரித்தேன்.

கரைக்கு ஏற முன்னமே தொலைபேசி அடித்தது. அக்கா.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்? கோயிலிலயும் காணேல்லை. ஒரே இரைச்சலாக் கிடக்கு."

"கடற்கரையிலை அக்கா. துளசியோட மீன் பிடிக்க வந்தனான்." சொல்லிக்கொண்டே கரைக்கு ஏறினேன். "அவரும் இஞ்சைதான் அக்கா வாறவர், எட்டு வருசமா. ஓவர்டைம் ஒண்டும் இல்லை. அவருக்குத் தோட்டமும் தெரியாது."

மறுபக்கம் கோயில் மணி கேட்டது. வைத்துவிடுவா என்று நினைத்தேன்.

"பிடிச்சனியளோ?" என்று கேட்டா.

"ஒண்டு பட்டது. அளவு காணாது, அக்கா. விட்டிட்டன்" என்றேன்.

எட்டு வருசமாக அவர் எனக்காகச் சொன்ன பொய்யை, அன்று நான் உண்மையாகச் சொன்னேன்.